அட்டை

பெயர் என்று நாங்கள் எதுவும் வைக்கவில்லை.
பள்ளத்தூரில் வீட்டுக்கு வீடு நின்று
"கரண்டு அட்டை!" என்று இவர் குரல் கொடுப்பார்.
பின்னாலேயே போன குட்டி
ஒவ்வொரு வாசலிலும் தன்னைத்தான் கூப்பிடுகிறார்
என்று எண்ணி ஓடிவந்து நின்றது.
காலோடு ஒட்டிக்கொண்டு திரிந்ததால்
எனக்கும் அந்தப் பெயரில் ஆட்சேபம் இல்லை.

பதினோரு வருஷம்.
முன்வாசல் ஒரு தெரு, பின்வாசல் மறு தெரு என்று
நீண்டு கிடக்கும் பூட்டிய வீடுகளில்
காவல்காரர் பல்பு தின்ற
எட்டு யூனிட்டை, பத்து யூனிட்டை
இவர் அண்ணாந்து படிப்பார்.
படித்து, எழுதி, பேனாவைக் காதில் செருகும் வரை
அது உட்கார்ந்திருக்கும்.
பேனா காதுக்குப் போனால் எழுந்துவிடும்.

மாசியில் காரைக்குடி ஆஸ்பத்திரியிலிருந்து
இவரைக் கொண்டுவந்தார்கள்.
கூடத்தில் ஐஸ் பெட்டி.
நாங்கள் கண்ணாடிமேல் விழுந்து அழுதோம்.
அது சுற்றிச் சுற்றி மோந்தது.
ரோஜா மாலை, ஊதுபத்தி,
பெட்டி வாடகைக்காரன் கை எண்ணெய்.
இவர் இல்லை.
மோட்டார் உறுமும் பக்கம் கொஞ்சம் நின்றுவிட்டுத்
தெருவுக்குத் தேடப் போய்விட்டது.
"பாரேன், நன்றி கெட்டதை" என்றாள் கொழுந்தன் பெண்டாட்டி.
நான் பேசவில்லை.
அதன் கணக்கில் யாரும் சாகவில்லை.
ஆள் வரத் தாமதம், அவ்வளவுதான்.

ராத்திரி ஊளையிட்டது.
ஆகாது என்று கல்லெறிந்தார்கள்.
இனி எது வந்து ஆகாமல் போக?
எனக்கு ஆள் மாற்றி ஆள்,
"அழுதது போதும், உமையா."
அதற்குக் கல்.
கல்லே தேவலை போலிருந்தது.

கருமாதிக்கு மறுநாள்
காலை எட்டரைக்கு அது வேலைக்குக் கிளம்பியது.
கூட்டுறவு பேங்கிலிருந்து ஊருணிக்கரை வரை
பழைய வரிசை, ஒரு வீடு தவறாமல்.
டீக்கடை நாச்சியப்பன் வந்து சொன்னார்:
மீட்டர் பெட்டிக்குக் கீழே உட்காருமாம்.
எழுதும் நேரம் எவ்வளவோ அவ்வளவு.
அப்புறம், காது இருந்த உயரத்தை
ஒரு தரம் அண்ணாந்து பார்த்துவிட்டு
அடுத்த வீடு.
சோறு தொடவில்லை.
விலா எலும்பை வாசலிலிருந்தே எண்ணலாம்.
எண்ணினேன்.

சித்திரையில் புது ஆள், ஜெசிந்தா என்று ஒரு பெண்.
கையில் போன் மாதிரி ஒரு மெஷின்.
அட்டை வேண்டாம். குரலும் வேண்டாம்.
"உங்க நாய் எனக்கு முன்னாடியே போய் நிக்குதுக்கா.
பூட்டின வீட்டுல மீட்டர் பின்கட்டுல இருக்குன்னு
அதுதான் காட்டுச்சு" என்று சிரித்தவள்
என் முகம் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.
ரீடிங் சொன்னாள்.
எப்போதையும்விட நாற்பது யூனிட் கூட.
ஐஸ் பெட்டி, பந்தல் விளக்கு,
பதினாறு ராத்திரி அணைக்காத கூடத்து டியூப்லைட்.
இவர் இருந்திருந்தால்
"இது எந்த ஊர்க் கணக்கு" என்று
மீட்டரைத் தட்டிப் பார்த்திருப்பார்.
அவள் போனபிறகு, அன்றைக்குத்தான்,
எனக்குச் சத்தமாக அழ வந்தது.

விளக்கு வைத்தபின் வாசலில் போய் நின்றேன்.
வாக்கப்பட்டு வந்த நாளாகத்
தெருவில் குரல் உயர்த்தியதில்லை.
"கரண்டு அட்டை!"
எதிர்வீட்டு டிவி சட்டென்று அடங்கியது.
தெருக்கோடியில் அது காதைத் தூக்கியது.
ஓடிவந்தது, அந்த உடம்பில் அத்தனை ஓட்டம்.
வந்து என் முகத்தைப் பார்க்கவில்லை,
எனக்குப் பின்னால் பார்த்தது.
உள்ளே போய்க் கூடம், பின்கட்டு, கிணற்றடி
ஒரு சுற்று தேடிவிட்டுத் திரும்பியது.
ஏய்த்துவிட்டேனோ என்று கூசியது எனக்கு.

தட்டை நகர்த்தினேன். மோந்தது.
நாலு வாய் தின்றது.
படியில் உட்கார்ந்து
மதியக் குழம்பை ஊற்றி
நானும் நாலு வாய்.

நாளைக்கு எட்டரைக்கு அது கிளம்பும்.
எழுந்து கதவைத் திறந்துவிட வேண்டும்.